என் பேரில் கிடந்த ரிப்போர்ட்

ஜூன் 3, செவ்வாய்

யூனியனில் கொடுத்த டைரி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் நாளைக்கு எதிரே வருகிற லாரிக்காரனை இறங்கிப் போய் அடித்துவிடுவேன்.

போன வாரம் பணிமனையில் டிரைவர்களுக்கு வருடாந்திர மருத்துவச் சோதனை. கண், பிரஷர், மூத்திரம். ரிசல்ட் வந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள். போனேன். டாக்டர் மெஹருன்னிசா என்று ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு நம்மைக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறார்.

“சோலையப்பன், உங்க யூரின்ல புரதம் ஒழுகுது. ரெண்டு பிளஸ்.”

“அப்படின்னா?”

“கிட்னியில ஓட்டை விழ ஆரம்பிச்சிருக்குன்னு வச்சுக்கோங்க. உள்ள நிக்க வேண்டிய சத்து வெளிய போகுது. பயப்படாதீங்க. உங்களுக்கு இன்னும் ஒரு தொந்தரவும் தெரியாது. தெரியறதுக்கு முன்னாடி புடிச்சிட்டோம்ல, அதுவே பெரிய விஷயம்.”

பிரஷர் 150க்கு 96. உப்பு பாதியாகக் குறைய வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடவே கூடாது. தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். தின்பதையெல்லாம் எழுத ஒரு நோட்டு. அதைப் பார்த்துத் திருத்துவாராம், நான் என்ன ஒண்ணாம் வகுப்பா? ரத்தமும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை நான் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அந்த நோட்டு அவர் படிக்க. இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். அது என் மூத்திரமே இல்லை. என் கண்டக்டர் ஞானதுரை அண்ணாச்சியுடையது.

என் அப்பாவுக்குச் சுகர். கால் கட்டைவிரலில் ஒரு புண்ணாக ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன். சுகர் என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிப் பணிமனை கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று டிரைவர்களுக்குள் பேச்சு. அதனால் எங்களில் பாதிப் பேர் சோதனைக்கு மூன்று நாள் முன்னாலிருந்து டீக்குச் சீனி போடாமல், பாகற்காயாகத் தின்று, நல்ல பிள்ளையாக இருப்போம். மூத்திர டப்பாவைக் கொடுத்த கையோடு நேரே மிட்டாய்க் கடைதான். இந்த வருஷம் அந்த மூன்று நாளும் மச்சினன் வீட்டுக் கல்யாணம். ஜாங்கிரி போட்டார்கள். அதனால் டப்பாவை அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அவருக்குப் பீடி கிடையாது, குடி கிடையாது. ஐம்பத்தைந்து வயசில் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. பதினோரு வருஷமாக ஒரே வண்டியில் இருக்கிறோம். கண்டக்டர்களுக்கு இந்தச் சோதனையும் கிடையாது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய் நிரப்பித் தந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆளின் மூத்திரத்தில் ஓட்டையாம். லேபில் எவனோ டப்பாவை மாற்றி வைத்திருக்கிறான். தண்டனை எனக்கு.

ஜூன் 4

ஆஸ்பத்திரிச் சீட்டை என் பெண்டாட்டி பேச்சி பார்த்துவிட்டாள். படித்தவளாயிற்றே, எட்டாம் வகுப்பு. உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள்.

“ஏங்க, இத்தன நாளு ஒண்ணுமே சொல்லலயே” என்று மூக்கை உறிஞ்சுகிறாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் மூத்திரமாக இருந்தால் அல்லவா சொல்ல.

ஜூன் 5

உப்பில்லாத ரசம். சுடுதண்ணீரில் மிளகைக் கழுவி ஊற்றிய மாதிரி இருந்தது. தட்டைத் தள்ளினேன். அவள் திரும்ப என் பக்கமே தள்ளினாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் டவுன் பள்ளி மைதானத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்தேன். பேச்சி கூடவே வந்தாள், நான் டீக்கடையில் ஒதுங்கிவிடுவேனாம்.

வண்டியில் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைசி ஸ்டாப்பில் நின்றபோது படியில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தார்.

“ஏ தம்பி, என்கிட்டயா ஓட்ட? நான் எளநி மாதிரில்லா இருக்கேன். லேபுக்காரன் தூக்கத்துல பாத்திருப்பான்.”

“உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு வீட்ல உப்பக் கண்ணுல காட்ட மாட்டேங்கா.”

“பேசாம தின்னு. ஒடம்புக்கு நல்லதுதானே.”

சொல்லிக்கொண்டே மேல் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். முழங்கால் வலிக்கு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு நாளைக்கு ஏழு நடை, நின்றுகொண்டே டிக்கெட் போட்டால் எந்த முழங்கால் தாங்கும்? பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் பேர் சொன்னாலே எடுத்துத் தருவான், சீட்டு கேட்க மாட்டான். பிறகு என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மறுபடியும் சிரித்தார். அவருடைய டிபனில் நெத்திலிக் கருவாடு. வாசம் டிரைவர் சீட்டு வரைக்கும் வந்தது. கொன்றே போட்டிருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். சிவப்புப் பேனாவில் “அப்பளம்?” என்று எழுதி அடிக்கோடு. ஒரே ஒரு அப்பளம். அதை ஏன் எழுதித் தொலைத்தேன் என்று தெரியவில்லை.

பிரஷர் 140க்கு 90. “பாத்தீங்களா, இறங்குது” என்று அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அடுத்த வாரம் மறுபடி மூத்திரம், கூடவே ரத்தம் என்றார். வியாழக்கிழமை விரதம் என்றேன். “செவ்வாய்க்கெழம ஒரு காரணம், வியாழக்கெழம ஒரு காரணம். ஊசின்னா பயமா?” என்று கேட்டார். பயமா எனக்கு! இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முதல் தடவை லேப்காரன் தூங்கியிருந்தால் இந்தத் தடவை முழித்துக்கொண்டு பார்க்கட்டும் என்று அண்ணாச்சியையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கக்கூஸுக்குள் போய் டப்பாவோடு வந்தார்.

“இந்தா, சொக்கத் தங்கம்.”

மேலே நுரை நின்றது, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி. “என்ன அண்ணாச்சி இவ்வளவு நுரை?” என்றேன். “வேகமா அடிச்சா நுரைக்காதா? வருஷக் கணக்கா அப்படித்தான்” என்றார். படியிறங்கும்போது செருப்பு இறுக்குகிறது என்று வாரைத் தளர்த்திக்கொண்டார். பஸ்ஸிலேயே நின்றால் கால் வீங்கத்தான் செய்யும்.

நான் ரத்தம் கொடுக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று பிளஸ்.

டாக்டரம்மாவுக்கு என் மேல் கோபம். “உப்பைக் கொறச்சிருக்கீங்க, நடக்கறீங்க, பிரஷர் எறங்கியிருக்கு. புரதம் மட்டும் ஏறுது. எனக்கே புரியல. வலி மாத்திரை ஏதாவது போடறீங்களா? முதுகு வலி, முழங்கால் வலின்னு கடையில வாங்கி?”

“இல்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதை வருஷக் கணக்கா போட்டா கிட்னியை அரிச்சிடும். ஒரு வலியும் இருக்காது. மூத்திரம் நுரைக்கும், கால் வீங்கும், அவ்வளவுதான். மத்தது தெரியும்போது டயாலிசிஸ் வாசல்ல நிப்போம்.”

இல்லை, இல்லை என்றே இன்னும் இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது.

வண்டிக்குத் திரும்பினேன். அண்ணாச்சி டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், மேல் பைக்குள் கை போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கியரைத் தப்பாகப் போட்டு வண்டி உதறிவிட்டது. ஜனங்கள் திட்டினார்கள். திட்டட்டும்.

ஜூன் 25

வண்டியில் இடது பின் சக்கரம் சத்தம். ஷெட்டில் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 27

அண்ணாச்சிக்குச் சர்ச்சில் அசன விருந்து வருகிறது, அதில் ஓடிக்கொண்டிருக்கிறார். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். ரேஷனில் பருப்பு வரவில்லை.

ஜூன் 29

அசனம் முடிந்தது. பெரிய அண்டாக்கள், ஆட்டுக்கறிக் குழம்பு, ஊரே சாப்பிட்டது. முட்டிபோட்டு உட்கார்ந்து பரிமாறினார். எழுந்திருக்கும்போது வலித்திருக்கும், இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டார். கூட்டத்தில் வைத்து எப்படிச் சொல்ல?

ஜூலை 2, புதன்

சொல்லிவிட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி ஆகிவிட்டது.

கடைசி ஸ்டாப்பில் வேப்பமரத்தடியில் நின்றோம். மூன்று பிளஸ், நுரை, கால் வீக்கம், மாத்திரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“என்ன சோல, ஒன் வியாதிய என் தலையில கட்டப் பாக்கியா?”

“அண்ணாச்சி, எனக்கு வியாதி இருந்தாத்தானே. அது உங்க மூத்திரம். ரெண்டு தடவையும் உங்களோடது.”

“நான் வெளையாட்டுக்குக் குடுத்தேன். ஒனக்கு ஒதவி பண்ணதுக்கு என்னய கிட்னி போனவன்னு ஊரெல்லாம் சொல்லுவ, என்ன? மாத்திரையாம்! அது மாத்திரையாடே? மிட்டாய் கணக்கா ஆறு வருஷமாப் போடுதேன். அது இல்லாட்டி நான் படியில ஏறிருவனா? நீ ஏறித் தருவியா?”

“ஒரே ஒரு தடவ உங்க பேர்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க.”

“ஒடம்பு நல்லாருக்கவன் எதுக்குடே டெஸ்ட் பண்ணணும்? நீ பண்ணியா? ஒனக்குச் சுகர் இருக்கா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் பாத்தியா? பயந்துக்கிட்டு என் மூத்திரத்தக் கடன் வாங்குன பய, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்!”

அவர் கேட்டதில் என்ன தப்பு? அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை 4

விசில் மட்டும்தான். ஒரு விசில் நில், இரண்டு விசில் போ. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் தனித்தனியாக டீ குடித்தோம்.

ஜூலை 5, சனி

அண்ணாச்சி இல்லாத நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எஸ்தர் மதினி முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். சலிப்பதை நிறுத்தவே இல்லை.

“எனக்குத் தெரியாதா தம்பி? காலையில கண்ணு ரெண்டும் உப்பி எந்திரிக்காக. கெண்டக்கால அழுத்துனா குழி விழுது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, ‘ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் வியாதியே வருது’ங்காக. அட்டைய ஒளிச்சு வச்சேன். வேற வாங்கிட்டு வந்துட்டாக.”

“நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க மதினி.”

“நான் சொல்லி எந்தக் காலத்துல கேட்டாக? ஒங்களுக்கு அந்தச் சீட்டு எப்ப வந்துச்சு?”

“போன மாசம் மூணாந் தேதி.”

சல்லடை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 7

பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்காரனிடம் சண்டை. அண்ணாச்சிக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காதே என்றேன். “நான் குடுக்கலன்னா எதுத்த கடையில குடுப்பான். எதுக்குண்ணே என் பொழப்பக் கெடுக்கீங்க?” என்றான். சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆட்டோக்காரர்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை.

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். சத்தம் போடுவார் என்று இருந்தேன். சத்தமே இல்லாமல் பேசினார், அது இன்னும் மோசம்.

“ஒரு மாசமா நான் யாருக்கு வைத்தியம் பாத்தேன்? நீங்க தின்ன உப்பில்லாச் சாப்பாடு அவர் கிட்னிக்குப் போய்ச் சேருமா?”

“தப்புதாம்மா.”

“எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?”

“சுகர் இருந்தா வண்டியில இருந்து எறக்கிருவாங்கன்னு...”

“யார் சொன்னா? கட்டுப்பாட்டுல வச்சிருந்தா ஓட்டலாம். முத்திப்போய்க் கண்ணு மங்குனாத்தான் எறக்குவாங்க. அது வராம இருக்கத்தான்யா இந்த டெஸ்டே! எல்லாரும் இதைப் பரீட்சைன்னு நெனச்சுட்டு பிட் அடிக்கறீங்க.”

நோட்டை என் பக்கம் தள்ளினார்.

“பணிமனைக்கு நீங்களே எழுதிக் குடுங்க. பத்து நாள் பாப்பேன், இல்லன்னா நான் எழுதுவேன். அதுக்கு முன்னாடி அவரைக் கூட்டிட்டு வாங்க. எப்படிக் கூட்டிட்டு வருவீங்களோ, அது உங்க பாடு.”

ஜூலை 11, வெள்ளி

காலை 8.20 விருதுநகர் வண்டி. நல்ல கூட்டம். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி கேட்டு. அங்கே ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி இரண்டு விசில் கொடுத்தார். நான் அசையவில்லை. மறுபடியும் இரண்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

“என்ன, வண்டி ரிப்பேரா?”

“வண்டி நல்லாருக்கு. நீங்கதான் ரிப்பேரு. எறங்கி உள்ள போங்க.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? அறுபது பேரு இருக்காங்க.”

“இருக்கட்டும். நீங்க உள்ள போயி உங்க பேர்ல ஒரு டப்பாவும் ஒரு ஊசி ரத்தமும் குடுக்காம இந்த வண்டி நகராது.”

சத்தமாகத்தான் சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்தத் தடத்தில் எல்லாருக்கும் தெரிந்த மனுஷர். நான் செய்தது அசிங்கம்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒருவன் “ரெண்டு பேரும் குடிச்சிருக்கானுவளா?” என்றான். ஒரு வாத்தியார் போனை எடுத்துப் பணிமனைக்கு அடித்தார். பூக்கூடைக்காரி ஒருத்தி, “போயிட்டுத்தான் வாங்களேன் கண்டக்டரே, மூத்திரத்தத்தான கேக்காரு, சொத்தவா எழுதிக் கேக்காரு?” என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். என்னை என்னென்னவோ கேட்டார்கள், அம்மாவையும் சேர்த்து. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி பையைக் கழற்றி சீட்டில் அடித்தார். “நான் போவ மாட்டேம்டே! என்ன செய்வ நீ?”

அப்போது முன் சீட்டில் இருந்த ஒரு ஆள் எழுந்தார். செவ்வாயும் வெள்ளியும் மனைவியோடு வருகிறவர். கையில் கயிறு சுருட்டிவைத்த மாதிரி நரம்பு புடைத்திருக்கும். விருதுநகரில் டயாலிசிஸ். அவருக்கு எப்போதும் அந்த சீட்டை அண்ணாச்சிதான் பிடித்து வைப்பார். பேர் வெள்ளைப்பாண்டி என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஏ ஐயா கண்டக்டரு,” என்றார். மூச்சு வாங்கியது. “ஒம்பதரைக்கு எனக்கு மிஷினு. தப்புனா நாளைக்குத்தான். நாளைக்குள்ள நெஞ்செல்லாம் தண்ணி ஏறிக்கிடும்.”

இது என் நினைப்பிலேயே இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கத்தினார், “கேட்டியாடே பாவி? வண்டிய எடு!”

கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. வெள்ளைப்பாண்டி என் தோளில் கை வைத்தார்.

“நீரு சாவியத் தொடாதேயும். எனக்கு யாரும் வண்டிய நிப்பாட்டல. நிப்பாட்டியிருந்தா நான் இந்த வண்டியில இப்படிப் போயிக்கிட்டு இருக்க மாட்டேன்.” அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “நீ போயிட்டு வா. நான் உக்காந்திருக்கேன்.” உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியில் இறங்கினார், ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

முழங்கை மடிப்பில் பஞ்சோடு திரும்பி வந்தபோது வண்டி நின்று முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. வழியில் கை காட்டிய எவனுக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். ஒன்பது முப்பத்தெட்டுக்கு வெள்ளைப்பாண்டியை விருதுநகர் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கினேன். உள்ளே எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் மனைவி கையைக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

ஜூலை 12

மெமோ. வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், விசாரணை முடிகிற வரைக்கும் கேட்டில் டியூட்டி. “தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பேருந்தைத் தகுந்த காரணமின்றி 35 நிமிடங்கள் நிறுத்தி வைத்துப் பயணிகளுக்கு இடையூறு விளைவித்தது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.”

ஜூலை 14, திங்கள்

என் பேரில், என் ரத்தம், என் மூத்திரம். ஊசி குத்தியபோது கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸம்மா சிரித்தது.

ஜூலை 16, புதன்

டாக்டரம்மா இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். எஸ்தர் மதினியும் வந்திருந்தார்.

முதலில் எனக்கு. வெறும் வயிற்றில் சுகர் அளவு 116. “சுகர் இல்லை. வர்றதுக்கு முன்னாடி வந்து நிக்கற எடம். பிரஷரும் 130க்கு 84. ஒரு மாசம் பொய் சொல்லிட்டுத் தின்ன சாப்பாடு உங்களைத் தூக்கி விட்டிருக்கு. இதையே தொடர்ந்தா வராமலே கூடப் போகலாம்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இல்லாத ஒன்றுக்குப் பயந்தா இவ்வளவும் செய்தேன்? அந்த மேஜையிலேயே தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அண்ணாச்சிக்கு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கிட்னி உப்பு ஒன்று புள்ளி ஒன்பது. “பாதி வேலைதான் செய்யுது. மாத்திரையை இன்னையோட நிறுத்தணும். நிறுத்துனா கொஞ்சம் திரும்பும். எல்லாம் திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். முழங்காலுக்கு வேற வழி நான் பாக்கறேன்.”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா முதல் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார். மேலே என் பேர், ஜூன் 3.

“அன்னைக்கே இது உங்க கைக்கு வந்திருந்தா அன்னைக்கே நிறுத்தியிருக்கலாம். அதுக்கப்புறம் எத்தனை மாத்திரை போட்டிருப்பீங்க?”

அண்ணாச்சி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு ரெண்டு. கணக்க அவனப் போடச் சொல்லுங்க.”

ஜூலை 18, வெள்ளி

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். யூனியன் செயலாளர், “வண்டியில பிரேக் சந்தேகம்னு எழுதுப்பா, நான் பாத்துக்கறேன், ஒரு வாரத்துல ஸ்டியரிங்குக்கு வந்துரலாம்” என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அவர் மேலேயும் எரிந்து விழுந்தேன். எழுதியதை இங்கே ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

“ஐயா, 11ஆம் தேதி பேருந்தை 35 நிமிடம் நிறுத்தியது உண்மை. பிரேக் நன்றாக இருந்தது. கண்டக்டர் ஞானதுரை அவர்களைச் சோதனைக்கு அனுப்பவே நிறுத்தினேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். மே மாத மருத்துவச் சோதனையில் நான் கொடுத்தது என் சிறுநீர் அல்ல. எனக்குச் சுகர் இருக்குமோ என்று பயந்து அவருடையதை வாங்கி என் பேரில் கொடுத்தேன். அவருக்குக் கிட்னி கெடுகிறது என்ற ரிப்போர்ட் ஜூன் 3 அன்று வந்தது. அது 38 நாள் என் பேரில் கிடந்தது. அவர் சோதனை கொடுத்த நாள் வரைக்கும் கணக்குப் போட்டால் அந்த 38 நாளில் அவர் 76 மாத்திரை விழுங்கியிருக்கிறார். அசனத்தன்று சேர்த்துப் போட்டதையும் வைத்தால் 77. அவற்றில் கடைசி முப்பதுக்கும் மேற்பட்டவை, விஷயம் எனக்குத் தெரிந்த பிறகு, நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுங்கியவை.

35 நிமிடத்துக்கு மெமோ வந்துவிட்டது. இந்த 38 நாளுக்கு எனக்கு இன்னும் மெமோ வரவில்லை. அனுப்பி வைக்கவும்.”